சொந்தப் பிள்ளைக்கு நாமே பயிற்றுநராக இருக்கலாமா? முன்னாள் வீரர்களான பெற்றோரிடம் ஒரு கேள்வி

மணற்குழி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு முன்னாள் உயரம் பாய்தல் வீரன். என் மகளுக்கு நான்கு ஆண்டுகளாகவும் மகனுக்கு இரண்டு ஆண்டுகளாகவும் நானே பயிற்சி அளித்து வருகிறேன். மகளுக்கு இப்போது பதினைந்து வயது. கடந்த மாகாணப் போட்டியில் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் 1.45 மீற்றர் பாய்ந்து இரண்டாமிடம் பெற்றாள். பன்னிரண்டு வயது மகன் இன்னும் வலய மட்டத்தைத் தாண்டவில்லை. "தகப்பனே வீரன் என்றால் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்" என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் எனக்குள்ள சந்தேகத்தை, இதே வேலையைச் செய்துவரும் பெற்றோர் முன் வைக்க விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1990களின் தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் மெத்தை இருக்கவில்லை. மணலைக் கொத்திப் பதப்படுத்தி, அதன் மேல் வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பரப்பி, அதில் விழுவோம். அப்படிப்பட்ட இடத்தில் முதுகால் விழுந்தால் கழுத்துப் போய்விடும். ஆகவே 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி 2.24 மீற்றர் பாய்ந்து உலகுக்குக் காட்டிய, முதுகு தடியைப் பார்க்கும்படி கடக்கும் முறை, எங்களுக்குப் படத்தில் மட்டும் தெரிந்த ஒன்றாகவே இருந்தது. வயிறு தடியைப் பார்க்கும்படி உருண்டு கடக்கும் ஸ்ட்ரடல் முறையில்தான் நான் 1.85 மீற்றர் பாய்ந்தேன்.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். ஸ்ட்ரடலில் தடிக்கு அருகே இருக்கும் காலால் உதைத்து எழவேண்டும். பொஸ்பரி முறையில் தடிக்குத் தொலைவில் இருக்கும் காலால் எழவேண்டும். ஸ்ட்ரடலுக்கு நேர்கோட்டில் சாய்வாக ஓடி வருவோம். பொஸ்பரிக்குக் கடைசி நான்கைந்து அடிகள் வளைவில் ஓடி, உடல் தடியை விட்டு வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நூல்களைப் படித்தும் காணொளிகளைப் பார்த்தும் நான் இவற்றை அறிந்துகொண்டேன். ஆனால் மகள் ஓடி வரும்போது என் கண் எதைத் தேடுகிறதென்றால், என் கால் பழகிய அந்த நேர்கோட்டைத்தான். முதல் ஆண்டில் நான் அவளுக்குச் சொன்ன திருத்தங்களில் பாதி, முப்பது ஆண்டுகளுக்கு முன் என் உடலுக்குச் சொல்லப்பட்டவை என்பதை இப்போதுதான் உணர்கிறேன். ஒரு மாலையில் 1.40இல் மூன்று முறையும் தடியைத் தட்டிவிட்டாள். கடைசி அடிகளை நேராக வைக்கும்படி நான் உரக்கச் சொன்னபோது, அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, நேரா ஓடினா நான் எப்பிடித் திரும்புறது?" என்று கேட்டாள். சரியான கேள்வி. என்னிடம் விடை இருக்கவில்லை.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். பாய்தல் வீரன் ஒருவனின் கால்கள் உரம்பெறும் அந்தப் பதினெட்டாவது வயதில், என் கால்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தன. போரால் மூடப்பட்டிருந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை 2002இல் திறந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அதன்பின் நான் தடிக்கு முன் நின்றதில்லை. என் தலைமுறையில் இப்படிப் பலர் இருக்கிறார்கள், இதில் என் கதை தனித்தது அல்ல. ஆனாலும் மகள் மைதானத்தில் நிற்கும்போது, நிறைவேறாமல் போன அந்தப் பாய்ச்சல்களும் என்னோடு வந்து நிற்கின்றன.

பெற்றோர் எதுவரை பயிற்றுநராக இருக்கலாம், எப்போது பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுக்கவேண்டும் என்பதே என் கேள்வி.

தென்மராட்சி உடற்கல்வி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதில் பாதி விடை இருக்கிறது. தன் கண் தன்னை ஏமாற்றுகிறது என்பதை அறிந்த பயிற்றுநர்கள் குறைவு. இருபது ஆண்டுகளாக உடற்கல்வி கற்பிப்பவன் என்ற வகையில் சில செய்முறைகளை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பழைய அறிவில் இன்றைக்கும் பயன்படும் பகுதி, கால்களைக் கத்தரிபோல ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தடியைக் கடக்கும் கத்தரிப் பாய்ச்சல். மணற்குழிக் காலத்தில் நாம் எல்லோரும் முதலில் கற்றது அதைத்தான். கத்தரிப் பாய்ச்சலிலும் தொலைவில் உள்ள காலால்தான் எழுகிறோம். ஆகவே பொஸ்பரி பழகும் பிள்ளைக்கு அது மிக நல்ல பயிற்சி. வளைவில் ஓடி வந்து, தடியைத் தாழ்வாக வைத்து, கத்தரி முறையில் கடந்து மெத்தையில் நின்றபடியே இறங்கச் சொல்லுங்கள். உடல் தடிப் பக்கம் விழுந்துவிட்டால் நின்று இறங்க முடியாது. சாய்வு சரியா பிழையா என்பதை அந்த இறக்கமே பிள்ளைக்குச் சொல்லிவிடும், நீங்கள் வாய் திறக்கவேண்டிய தேவை இருக்காது.

கைத்தொலைபேசியை வளைவுக்குப் பின்னால், மகள் ஓடிப்போகும் திசையைப் பார்த்தபடி வைத்துப் படம் எடுங்கள். பெரும்பாலான பெற்றோர் தடிக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தடி விழுந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும், ஏன் விழுந்தது என்பது தெரியாது.

ஒப்படைப்பது பற்றி: எங்கள் பகுதியில் கோலூன்றிப் பாய்தல் இவ்வளவு வளர்ந்ததற்குப் பெற்றோர் வீரர்களாக இருந்தது காரணம் அல்ல. சாவகச்சேரி இந்துவிலும் தெல்லிப்பழை மகாஜனாவிலும் ஆண்டுக் கணக்காக ஒரே மைதானத்தில் நின்று பழக்கிய பயிற்றுநர்கள் இருந்தார்கள், அதுதான் காரணம். மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தபோது அவருக்குப் பின்னால் நின்றது அப்படியொரு பயிற்சிதான். கோல் ஒவ்வொன்றும் இத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று வகுத்துச் செய்யப்படுவது. பிள்ளை வளர வளரக் கோலும் மாறவேண்டும். எந்தத் தகப்பனாலும் வீட்டில் பத்துக் கோல் வாங்கி அடுக்க முடியாது. உயரம் பாய்தலில் செலவு குறைவு என்பதால்தான் நீங்கள் தனியாக இவ்வளவு தூரம் வர முடிந்தது.

வலைப்பந்துத் தாய் எழுதியது:

நான் மாவட்ட வலைப்பந்து அணியில் விளையாடியவள். என் இரு பெண்பிள்ளைகளுக்கும் நானே பயிற்சி கொடுத்தேன். மூத்தவள் மாகாண அணிவரை வந்தாள், இளையவள் இடையில் நிறுத்திவிட்டுச் சதுரங்கத்துக்குப் போனாள். இரண்டையும் நான் ஒரே மனத்தோடு ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நான் பட்டு அறிந்த ஒன்று: மைதானத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்க விட்டேன். மற்றப் பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிடும்போது தாங்கள் மட்டும் "அம்மா" என்று கூப்பிட மூத்தவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவளும் "மிஸ்" என்றாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகு "அம்மா, பசிக்குது" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகு பந்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இளையவளிடம் அந்தக் கட்டுப்பாட்டைக் காக்கத் தவறினேன். பிட்டு அவித்துக்கொண்டிருக்கும்போதும் அவளுடைய கால் நகர்வைப் பற்றிப் பேசினேன்.

அடுத்தது சாப்பாடு. வீட்டுப் பயிற்றுநருக்கு உள்ள பெரிய வசதி அதுதான். பிள்ளை என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குப் படுத்தாள், எந்த நாட்களில் உடல் சோர்ந்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். குரக்கன், பயறு, முருங்கையிலை, மீன், பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு முட்டைக் கோப்பி என்று நம் வீட்டுச் சமையலே போதும். ஆனால் பெண்பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் தகப்பன்மார் மாதவிடாய் நாட்களைப் பற்றி வாய் திறப்பதில்லை, பிள்ளையும் சொல்வதில்லை. அதை அறிந்து பயிற்சியின் அளவை மாற்ற ஒருவர் வேண்டும். பயிற்சி விவரங்களை நீங்கள் கொப்பியில் எழுதிவந்தால், உங்கள் மனைவியும் அதில் பங்கெடுக்கிறாரா, அண்ணா?

ரொறன்ரோவில் சுழிபுரத்தான் எழுதியது:

உலகில் இது எப்படி நடந்திருக்கிறது என்பதையும் பார்ப்போம். நமக்கு மிக நெருங்கிய உதாரணம் கேரளத்துப் பாலக்காட்டில் இருக்கிறது. நீளம் பாய்தல் வீரர் முரளி சிறீசங்கரின் பயிற்றுநர் அவருடைய தந்தை முரளி. அவர் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் பெற்ற முப்பாய்ச்சல் வீரர். தாய் பிஜிமோளும் 800 மீற்றர் ஓட்ட வீராங்கனை. மகன் 2022இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் 8.08 மீற்றர் பாய்ந்து வெள்ளி பெற்றார். தங்கம் வென்றவரும் அதே 8.08தான், இரண்டாவது சிறந்த பாய்ச்சலை வைத்தே முதலிடம் தீர்மானிக்கப்பட்டது. 2023இல் 8.41 பாய்ந்தார். 2024இல் முழங்கால் காயத்தால் பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார். அந்தச் சமயத்தில் வீட்டுக்குள்ளேயே பயிற்றுநர் இருப்பது எவ்வளவு பெரிய பலம், எவ்வளவு பெரிய பாரம் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கோலூன்றிப் பாய்தல் வீரர் ஆர்மன்ட் டுப்லான்டிசின் தந்தை கிரெக், தானும் 5.80 மீற்றர் பாய்ந்த கோலூன்றி வீரர். லூசியானாவில் வீட்டு வளவிலேயே பாய்தளம் அமைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார். தாய் ஹெலெனா உடற்பயிற்சியைப் பார்த்துக்கொண்டார். 2022 உலகப் போட்டியில் ஜேக் வைட்மன் 1500 மீற்றரில் தங்கம் வென்றபோது, மைதான ஒலிபெருக்கியில் அறிவிப்பாளராக இருந்தவர் அவருக்குப் பயிற்சி அளித்த தந்தைதான்.

ஆனால் நோர்வேயின் ஓட்ட வீரர்களான இங்கபிரிட்சன் சகோதரர்களின் குடும்பத்தையும் சொல்லாமல் விட முடியாது. தகப்பன் ஜெர்ட் வீரராக இருந்தவர் அல்லர், தானே கற்றுப் பயிற்றுநரானவர். மூன்று மகன்மார் ஐரோப்பிய சம்பியன்களானார்கள், யாக்கொப் 2021இல் தோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2023இல் அந்தச் சகோதரர்களே தகப்பன் தங்களை வன்முறையாலும் அச்சுறுத்தலாலும் வளர்த்ததாகப் பகிரங்கமாக எழுதினார்கள். 2025இல் நீதிமன்றம் யாக்கொப் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்து, மகளை அடித்த ஒரு சம்பவத்தில் மட்டும் குற்றவாளியாகக் கண்டது. தகப்பனைப் பிரிந்த பின்னரும் யாக்கொப் பாரிசில் 5000 மீற்றர் தங்கத்தை வென்றார் என்பதைப் "தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளை விழுந்துவிடும்" என்று அஞ்சுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பி. வி. சிந்துவின் பெற்றோர் இருவரும் கரப்பந்து வீரர்கள். தந்தை 1986 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். மகள் பூப்பந்தைத் தேர்ந்தபோது அவர்கள் அவளைப் பூப்பந்துப் பயிற்றுநர் கோபிசந்திடம் அனுப்பிவைத்தார்கள். தாங்கள் வீரர்கள் என்பதால் எங்கே நிற்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அஞ்சலோட்டம் எழுதியது:

எல்லோரும் வீட்டுக்குள் நடப்பதையே பேசுகிறீர்கள். மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் ஒருவர் பேசவேண்டும். என் மகன் ஓடிய பாடசாலையில் ஒரு பெற்றோரே பயிற்றுநராக இருந்தார். அஞ்சலோட்ட அணிக்கு நான்காவது ஆளைத் தேர்ந்தபோது தேர்வு ஓட்டம் வைக்கப்படவில்லை. பயிற்றுநரின் பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்தது. அந்தப் பிள்ளை உண்மையிலேயே வேகமானவனாக இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஓடிப் பார்த்திருந்தால் என் மகன் தோல்வியை ஏற்றிருப்பான். ஓடாமலே தோற்றதை அவன் இன்றுவரை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

வலைப்பந்துத் தாய் எழுதியது:

நீங்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். என் மகள் போட்டியிட்ட தேர்வுகளில் நான் மைதானத்தில் நின்றதில்லை. வேறு பாடசாலை ஆசிரியை ஒருவரை அழைத்துத் தேர்வை அவரிடம் விட்டேன். ஒருமுறை என் மகள் தெரிவாகவில்லை. அன்றைக்கு அணிக்குப் பயிற்சி கொடுக்க நான் போனேன், அவள் வீட்டில் இருந்தாள். அது கடினமான மாலைதான்.

ஓட்டத்தை விட்டவள் எழுதியது:

இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் பெற்றோர். நான் பிள்ளையாக இருந்தவள். என் அப்பா 800 மீற்றர் ஓட்ட வீரர், என்னையும் அதே தூரத்துக்குப் பழக்கினார். அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிக்கு இருமுறை போனேன். பதினேழு வயதில் நிறுத்தினேன். காரணம் சாதாரண தரமோ உயர்தரமோ ரியூசனோ என்று எல்லோரும் எண்ணினார்கள், நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

காரணம் மோட்டார் சைக்கிள்தான். போட்டி முடிந்ததும் அப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மைதானத்திலிருந்து வீட்டுக்குப் பதினொரு கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுவதும் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியபடி, முதல் சுற்றில் நான் விட்ட பிழையிலிருந்து கடைசி நூறு மீற்றர் வரை சொல்லிக்கொண்டே வருவார். எனக்குத் தலைக்கவசம், காற்று, பின்னால் இருக்கிறேன், என்னால் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் அவருக்குக் கேட்காது. வென்ற நாட்களிலும் அப்படித்தான். பனைகளை எண்ணிக்கொண்டு வருவேன். அப்பா ஒருநாளும் என்னை அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. அவர் சொன்ன பிழைகள் அனைத்தும் சரியானவை. ஆனால் என் ஓட்டத்தைப் பற்றி நான் நினைப்பதற்கு முன்பே அவர் நினைத்து முடித்துவிடுவார்.

இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் நல்லூர் வீதிகளில் ஓடுகிறேன், மணிக்கூடு கட்டுவதில்லை. மணற்குழி அண்ணாவின் மகள் "நேரா ஓடினா நான் எப்பிடித் திரும்புறது" என்று கேட்டாள் என்று வாசித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நான் அப்பாவிடம் அப்படி ஒன்றையும் கேட்டதில்லை.

இயன்மருத்துவம் எழுதியது:

பன்னிரண்டு வயது மகனைப் பற்றி ஒருவரும் கேட்காததால் எழுதுகிறேன். ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் பொதுவாகப் பதின்மூன்று, பதினான்கு வயது. எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காதபோது முழங்கால் சிப்பிக்குக் கீழே, கால் முன்னெலும்பின் மேட்டில் நோவும் வீக்கமும் வரும். ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று இதற்குப் பெயர். பாய்தல், விரைவோட்டம், உதைபந்து விளையாடும் பிள்ளைகளிடம் அதிகம் காண்கிறேன். வளர்ச்சி அடங்கியதும் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். ஆனால் நோவோடு பாயவிட்டால் மாதக் கணக்கில் இழுக்கும்.

முன்னாள் வீரர்களான பெற்றோரிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "எனக்கும் அந்த வயதில் நொந்தது, நான் நிறுத்தவில்லை" என்பது. ஐயா, நீங்கள் அப்படிச் சொல்லக்கூடியவர் என்று உங்கள் எழுத்தில் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். வீட்டுச் சுவரில் மாதம் ஒருமுறை மகனின் உயரத்தைக் குறித்துவாருங்கள். கோடுகளுக்கிடையே இடைவெளி திடீரென்று கூடினால், அந்த மாதங்களில் பாய்ச்சல்களைக் குறைத்து, ஓட்ட நுட்பத்தையும் உடல் சமநிலையையும் பழக்குங்கள். மகளுக்கும் பாயும் நாட்கள் கிழமைக்கு இரண்டு போதும். ஒவ்வொரு நாளும் எத்தனை முறை பாய்ந்தாள் என்று எண்ணி எழுதுங்கள். "இன்னும் ஒருமுறை" என்பதே வீட்டுப் பயிற்றுநர்களின் பலவீனம்.

மணற்குழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கொப்பி பற்றிக் கேட்ட சகோதரிக்கு: நான்கு ஆண்டுகளாக சி.ஆர். கொப்பியில் உயரம், அடி எண்ணிக்கை, காற்று எல்லாம் எழுதி வந்திருக்கிறேன், மனைவியிடம் அதை ஒருநாளும் காட்டவில்லை. இப்போது காட்டினேன். மகள் சோர்ந்த நாட்கள் என்று நான் சிவப்புக் கோடிட்டிருந்த திகதிகளை அவர் பார்த்துவிட்டு, அவற்றில் பலவற்றுக்குக் காரணம் தனக்கு அன்றே தெரியும் என்றார். அந்த நாட்களில் நான் மகளிடம் கடுமையாகப் பேசியிருக்கிறேன்.

தேர்வு பற்றி எழுதியவருக்கு: என்னிடம் பழகும் பிள்ளைகள் என் இருவர் மட்டுமே, ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வரவில்லை. உங்கள் மகனுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது.

யாழ். மத்திய கல்லூரியில் கற்ற எதிர்வீரசிங்கம் ஐயா 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை மைதானத்துக்கு அழைத்தார்கள், அதையே நானும் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லும்போது அவருடைய பெயரோடு என் 1.85ஐயும் சேர்த்தே சொல்லிவந்திருக்கிறேன் என்பது இப்போது நெருடுகிறது.

தென்மராட்சி ஆசிரியருக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

மணற்குழி எழுதியது (மூன்று கிழமைகளின் பின்):

ஆசிரியரின் அறிமுகத்தில், சாவகச்சேரிப் பக்கம் உயரம் பாய்தல் பழக்கும் ஒருவரிடம் மகளைச் சனிக்கிழமைகளில் அழைத்துச் செல்லத் தொடங்கியிருக்கிறேன். வயதில் என்னை விட மிக இளையவர். நான் அங்கே செய்யும் வேலை, மெத்தையின் மேலுள்ள தறப்பாளை மடிப்பதும், தடி விழுந்தால் எடுத்து வைப்பதும். முதல் நாள் அவர் அரை மணி நேரம் மகளைப் பாயவே விடவில்லை. வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதில் ஓடச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தார். அதன் பிறகு அவளுடைய தொடக்கக் குறியை ஒன்றரை அடி வெளியே தள்ளி வைத்தார். நான்கு ஆண்டுகளாக அந்தக் குறியை நான்தான் வைத்துவந்தேன்.

கடந்த சனிக்கிழமை 1.48இல் தடியை வைத்தார்கள். மூன்று முறையும் தட்டிவிட்டாள். எனக்குக் காரணம் தெரிந்தது, அல்லது தெரிந்ததாகத் தோன்றியது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இந்த இழையில் ஓட்டத்தை விட்ட தங்கை எழுதியதை நினைத்துக்கொண்டு, கைதடிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது மகள் என் தோளில் தட்டினாள். நிறுத்தி, ஓரமாக விட்டேன்.

"அப்பா, ரெண்டாவது பாய்ச்சல்ல நான் உள்பக்கம் சாயேல்லை. கண்டனீங்களோ?"

கண்டேன் என்றேன். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாலத்துச் சுவரில் கையால் வளைவைக் கீறிக் காட்டி, எந்த அடியில் நிமிர்ந்துவிட்டாள் என்று சொல்லத் தொடங்கினாள். நான் நினைத்த அடி அதுவல்ல. வீட்டுக்கு வந்து காணொளியைப் போட்டுப் பார்த்தோம், அவள் சொன்ன அடிதான்.